ஜமைக்கா சர்க்கரைவள்ளிப் புட்டிங்: கிழங்கும் தணலும் (அனுபவப் பகிர்வு)

ஆரஞ்சு நிறக் கிழங்கை வாங்கினால் இந்தப் புட்டிங் வாங்கும்போதே கெட்டது. ஜமைக்காவில் இதற்கு எடுப்பது செந்தோல் கிழங்கு. உள்ளே வெள்ளை அல்லது வெளிர்மஞ்சளாக இருக்கும், அவித்தால் மாவாக உதிரும். நம் சந்தையில் கிடைக்கும் செந்தோல் கிழங்கு நன்றாகவே பொருந்தும். ஆரஞ்சுக் கிழங்கில் நீர் அதிகம், மாவுச்சத்து குறைவு. எத்தனை நேரம் சூட்டில் வைத்தாலும் களியாகத்தான் நிற்கும், துண்டு போட வராது. அதுதான் கிடைக்கிறது என்றால் தேங்காய்ப்பாலில் 200 மில்லி குறையுங்கள்.

9 அங்குல அகலம், 3 அங்குல உயரத் தட்டுக்கு அளவு: தோல் சீவிய கிழங்கு 1 கிலோ, மஞ்சள் யாம் (பெருவள்ளி போன்ற கொடிக்கிழங்கு) 200 கிராம், மைதா 150 கிராம், பழுப்புச் சர்க்கரை 350 கிராம், தேங்காய்ப்பால் 900 மில்லி, உருக்கிய வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, துருவிய இஞ்சி 1 மேசைக்கரண்டி, ஜாதிக்காய், பட்டைத்தூள், உப்பு தலா 1 தேக்கரண்டி, வெனிலா 2 தேக்கரண்டி, ரம்மில் ஊறிய கிஸ்மிஸ் ஒரு கைப்பிடி. யாம் சேர்ப்பது பிடிமானத்துக்கு. அது இல்லாவிட்டால் சேப்பங்கிழங்கு போடலாம். பச்சையாகத் துருவும்போது அரிக்கும், கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

துருவியில் இருப்பதிலேயே சின்னக் கண்ணில் துருவணும். பெரிய கண்ணில் துருவினால் நார் நாராகத் தனியே தெரியும். துருவலை நேராகத் தேங்காய்ப்பாலிலேயே விழவிடுங்கள். காற்றில் பத்து நிமிடம் கிடந்தாலே கறுத்து, புட்டிங் சாம்பல் நிறமாகிவிடும். ஜாதிக்காயை அப்போதைக்கப்போது உரசிப் போடுவதுதான் வாசனை. டப்பாவில் பொடித்து வருவதை இரண்டு மடங்கு போட்டாலும் அந்த மணம் வராது.

----

துருவல் விஷயம் சரி. அடியில் ரப்பர் மாதிரி ஒரு படலம், மேலே தளதளவென்று பால்: பலருக்கும் நேர்வது இதுதான். கலவையை அப்படியே வைத்துவிட்டு ஓவனைச் சூடாக்கப் போகிறோம், அதற்குள் மாவுச்சத்து அடியில் படிந்துவிடுகிறது. முதலில் ஓவனை 180 டிகிரி செல்சியஸில் வைத்துவிட்டுத் துருவ ஆரம்பியுங்கள். தட்டில் ஊற்றும் கணத்தில் அடிவரை ஒருமுறை கிளறி ஊற்றுங்கள்.

மேலே மினுமினுப்பான மென்மையான படலம் இல்லாவிட்டால் ஜமைக்காக்காரர்கள் அதைப் புட்டிங் என்றே ஏற்கமாட்டார்கள். கெட்டித் தேங்காய்ப்பால் 150 மில்லியில் சர்க்கரை 2 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை பட்டைத்தூள் கலந்து தயாராக வையுங்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் மேல்பரப்பு இறுகியிருக்கும், ஆனால் சிவந்திருக்காது. அப்போது கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் வழியவிட்டு ஊற்றுங்கள். முந்தினால் உள்ளே இறங்கிவிடும். பிந்தினால் காய்ந்து தோலாக உரியும். அதன் பிறகு இன்னும் 30, 40 நிமிடம்.

குச்சி குத்திப் பார்ப்பது இதில் ஏமாற்றும், வெந்த பிறகும் குச்சி ஈரமாகத்தான் வரும். ஓரம் தட்டை விட்டு விலகி, நடுவில் தொட்டால் மெல்லிய அதிர்வு மட்டும் இருந்தால் இறக்கலாம். சூடாக வெட்டாதீர்கள். மாவுச்சத்து ஆறினால்தான் இறுகும், ஆகவே மறுநாள்தான் துண்டு ஒழுங்காக வரும்.

----

பழைய முறை கரி அடுப்புதான். டச்சி என்கிற கனத்த வார்ப்புச் சட்டி, கீழே கரி, தகர மூடிமேல் தணல். "மேலே நரகம், கீழே நரகம், நடுவே அல்லேலூயா" என்று ஜமைக்காவில் விடுகதையாகவே இதைச் சொல்வார்கள். தணலை மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் வையுங்கள். கீழே ஏறிவிட்டால் சர்க்கரை அடிப்பிடித்துக் கசக்கும். சட்டிக்குள் வாழையிலை விரித்தால் அடி காப்பாற்றப்படும். கரியில் செய்தது கூடுதலாக இனிப்பதற்குக் காரணம் உண்டு: மெதுவாகச் சூடேறும்போது கிழங்கிலுள்ள நொதி மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்ற நேரம் கிடைக்கிறது. ஆகவே கரியில் செய்தால் சர்க்கரையை 50 கிராம் குறைக்கலாம்.

----

இனிப்பு வேண்டாதவர்கள் கரீபியக் கடலின் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் இதே கிழங்கைப் போட்டுச் செய்யும் 'கொலம்போ' குழம்பைப் பாருங்கள். 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களோடு போன மசாலா அது. பெயரே 'குழம்பு' என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வதுண்டு. மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு, மஞ்சளோடு வறுத்த அரிசியும் சேர்த்துப் பொடிப்பார்கள். குழம்பு கெட்டிப்படுவது அந்த அரிசியால்.

வெங்காயத்தாள், பூண்டு, தைம் என்ற மூலிகை இலை வதக்கி, அரைக் கிலோ கிழங்குக்கு இரண்டு மேசைக்கரண்டி பொடி போட்டு, கருகுமுன் தண்ணீர் விடுங்கள். மற்ற காய் பாதி வெந்த பிறகுதான் கிழங்கைப் போடணும், அதுவும் 4 செ.மீ. துண்டுகளாக; 15 நிமிடம் போதும். முதலிலேயே போட்டால் கரைந்து கூழாகும். ஸ்காட்ச் பானட் மிளகாயைக் கீறாமல் காம்போடு முழுசாக மிதக்கவிட்டு, பரிமாறுமுன் எடுத்துவிடுங்கள். கரண்டி பட்டு அது உடைந்தால் சட்டி முழுதும் காரம்தான். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியலாம்.

----

பார்படோஸ் 'கொங்கி'க்கும் இதே கிழங்குதான்; மக்காச்சோள மாவு, பூசணி, தேங்காய்த் துருவலோடு வாழையிலையில் மடித்து ஒரு மணி நேரம் ஆவியில் வேகும். நவம்பர் 30 சுதந்திர நாளையொட்டி அங்கே வீட்டுக்கு வீடு செய்வார்கள். இலையை அனலில் வாட்டாமல் மடித்தால் நரம்போடு கிழிந்து தண்ணீர் உள்ளே போய்விடும்.