சவுல் இழந்த ராஜ்யபாரம் தாவீதுக்கு மட்டும் ஏன் நிலைத்தது?

கேள்வி:
ஸ்தோத்திரம். வாலிபர் வேதபாடத்துக்கு 1 சாமுவேல் 15 எடுத்திருக்கிறோம். அமலேக்கியரையும் அவர்கள் ஆடுமாடுகளையும் முற்றிலும் அழிக்கும்படி சாமுவேல் தீர்க்கதரிசி மூலம் கர்த்தர் சவுல் ராஜாவுக்குச் சொன்னார். பலியிடத்தானே அவன் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவைத்தான்? அதற்கு ராஜ்யபாரமே போய்விட்டது. அவனுக்குப் பின் ராஜாவான தாவீது பத்சேபாளோடு விபசாரமும் செய்து, அவள் புருஷன் உரியாவையும் கொல்லுவித்தான். அவன் சிங்காசனம் அசையவில்லை. பையன்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள். என்ன பதில் சொல்வது?

பதில் 1:
சகோ., "பலியிடத்தானே" என்பது சவுல் சொன்ன சாக்கு. பாடத்தை அங்கிருந்தே ஆரம்பியுங்கள். அந்த ஆடுமாடுகள் சாபத்தீடு, அதாவது முழுவதும் அழிக்கும்படி கர்த்தருக்கென்று ஒதுக்கப்பட்டவை. லேவியராகமம் 27:28-29-ன்படி சாபத்தீடானதை விற்கவும் கூடாது, மீட்கவும் கூடாது. அது ஏற்கெனவே கர்த்தருடையது. அவருடையதை எடுத்து அவருக்கே படைத்தால் அது யாருடைய பலி?

எந்தப் பலி என்று சவுல் சொல்லவில்லை. ஆனால் சமாதானபலியில் கொழுப்பு பலிபீடத்துக்கு, மார்பும் வலது முன்னந்தொடையும் ஆசாரியனுக்கு, மீதிக் கறி கொண்டுவந்தவன் வீட்டுக்கு (லேவி. 7). சவுல் கில்காலில் செலுத்துவதாகச் சொன்னது அந்தப் பலி என்றால் பந்தியும் உண்டு. கொழுத்ததை வைத்துக்கொண்டு அற்பமானதை மட்டும் அழித்தார்கள் என்று 9-ஆம் வசனம் சொல்வதை இதோடு சேர்த்து வாசியுங்கள்.

பிறகு சவுலின் பேச்சை மட்டும் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். 13-இல் "நிறைவேற்றினேன்" என்கிறான். 15-லும் 21-லும் பழி ஜனங்கள்மேல். 24-இல் பாவம் செய்தேன் என்கிறான், ஜனங்களுக்குப் பயந்தேன் என்ற காரணத்தோடு. 30-இல் மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி கேட்கிறான். இதற்கிடையே கர்மேலில் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் வேறு (வச. 12, எலியாவின் கர்மேல் அல்ல, யூதாவிலுள்ள ஊர்). இது முதல் தடவையும் அல்ல: 13-ஆம் அதிகாரத்தில் 7 நாள் காத்திருந்து, சாமுவேல் வருமுன்னே தகனபலியைத் தானே செலுத்தியவன் இவன்.

பதில் 2:
தாவீது தப்பித்தான் என்ற எண்ணத்தையும் முதலிலேயே உடைத்துவிடுங்கள். 2 சாமுவேல் 12:13-இல், நாத்தான் தீர்க்கதரிசி கண்டித்தபோது, அவன் சாக்கில்லாமல் ஒரே வரியில் அறிக்கையிடுகிறான், உடனே மன்னிப்பு. அடுத்த வசனத்திலேயே பிள்ளை சாகும் என்ற தீர்ப்பு. 7-ஆம் நாளில் இறந்தது. பட்டயம் வீட்டைவிட்டு விலகாது என்று 10-ஆம் வசனம்: தாவீதின் மகன் அம்னோனை இன்னொரு மகன் அப்சலோம் கொல்லுவித்தான், அப்சலோமை தாவீதின் படைத்தலைவன் யோவாப் குத்தினான். தாவீது ஒளிப்பிடத்தில் செய்ததை அப்சலோம் அரமனை மாடியில் எல்லாரும் பார்க்கச் செய்தான் (16:22). நாத்தான் சொன்ன கதையைக் கேட்டு, ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை திரும்பச் செலுத்தவேண்டும் என்று தாவீது சொன்னதற்கு (12:6) நாலு பிள்ளைகளின் பேரைச் சொல்லிக் கணக்குக் காட்டுவார்கள். வசனம் அப்படிச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

சிங்காசனம் ஏன் நிலைத்தது? 7:14-15 பாருங்கள். தாவீதின் குமாரன் அக்கிரமம் செய்தால் மிலாற்றினால் தண்டிப்பேன், ஆனாலும் சவுலைவிட்டு விலக்கினதுபோல் என் கிருபையை விலக்கமாட்டேன் என்கிறார். பத்சேபாள் விஷயத்துக்கு முன்பே கொடுத்த வாக்கு அது. தாவீது நல்லவன் என்பதால் அல்ல, அந்த வாக்கினால் நிலைத்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் உபாகமம் 28-ஐயும் சேர்த்து, கீழ்ப்படியாமை வந்தால் வியாதி, கடன் வரும் என்று முடிக்கலாமா?

பதில் 3:
வேண்டாம். அந்த அதிகாரம் இஸ்ரவேல் தேசத்தோடு செய்த உடன்படிக்கை. 14 வசனம் ஆசீர்வாதம், 54 வசனம் சாபம். மழையில்லாமை, முற்றுகை, சிறையிருப்பு என்று தேசத்தின்மேல் விழுபவை. அதை ஒரு வாலிபனின் காய்ச்சலில் ஒட்டவைத்தால் பாடுபட்ட யோபைப் பாவி என்று பழித்த அவன் சிநேகிதர் செய்த தப்புதான். கீழ்ப்படியாமைக்குப் பின்விளைவு உண்டு என்று சொல்லலாம். பாடு வந்தவனைக் காட்டி "கீழ்ப்படியவில்லை" என்று சொல்லக் கூடாது. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைக் குறித்தும் (லூக்கா 13:4), பிறவிக் குருடனைக் குறித்தும் (யோவான் 9:3) இயேசு சொன்னதை வாசிக்க வையுங்கள்.

கடைசியில் 1 சாமுவேல் 31-ஐத் திறந்து சவுலின் மகன் யோனத்தானைக் கேள்வியாக வையுங்கள். அமலேக்கியரின் ராஜா ஆகாகைத் தப்பவைத்தவன் அவன் அல்ல, சவுல். கில்போவா மலையில் சவுல் செத்த அதே நாளில் யோனத்தானும் செத்தான். பதிலை நீங்கள் சொல்லாமல் பையன்களே விவாதிக்கட்டும். அதற்கு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள்.