குடும்பக் குழு: மின்நிலையத்தில் குண்டு விழுந்தால்

நிலா: உக்ரைனில் மறுபடியும் மின்நிலையங்கள் மீது ரஷ்ய ஏவுகணைகள். 2022 அக்டோபரில் தொடங்கியது, குளிர்காலம் வந்தாலே இதுதான் செய்தி.

சரவணன்: ராணுவமும் அதே மின்சாரத்தைத்தானே பயன்படுத்துகிறது? போர் என்றால் அதை அடிக்கத்தான் செய்வார்கள்.

சித்தி: ராணுவத்திடம் ஜெனரேட்டர் இருக்கும் சரவணா. டயாலிசிஸ் நோயாளியிடம் என்ன இருக்கும்? ஒரு தடவை சிகிச்சைக்கே ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடினாலும் ஊர்க் குழாயில் தண்ணீர் வர வேண்டுமே!

மாமா: அதேதான். பம்பு நின்றால் குடிநீரும் நிற்கும், கழிவுநீரும் தேங்கும். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கக் கூட்டுப்படை ஈராக்கின் மின்நிலையங்களைக் குண்டு போட்டு அழித்தது. சண்டை சில வாரங்களில் ஓய்ந்துவிட்டது. கழிவுநீர் ஆறுகளில் கலந்தது, டைபாய்டும் காலராவும் அதற்கப்புறம்தான் பரவின. குழந்தைகள்தான் அதிகம் செத்தார்கள்.

நிலா: சரிசெய்ய எவ்வளவு நாள் ஆகும் மாமா?

மாமா: கம்பி அறுந்தால் சீக்கிரம் இழுத்துக் கட்டிவிடலாம். பெரிய டிரான்ஸ்பார்மர் 100 டன்னுக்கு மேல் இருக்கும். ஆர்டர் கொடுத்துத்தான் செய்ய வேண்டும், வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். உக்ரைனில் அதற்குள் பழுதுபார்த்த இடத்தையே திரும்ப அடிக்கிறார்கள். வேலைக்குப் போன மின் ஊழியர்களும் செத்திருக்கிறார்கள்.

சித்தி: கீவில் லிப்டுக்குள் தண்ணீர், தின்பண்டம், டார்ச் எல்லாம் பெட்டியில் போட்டு வைத்தார்களாம். கரண்ட் போய் யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் உதவும் என்று குடியிருப்பவர்களே வைத்தது. படித்ததும் அழுகை வந்துவிட்டது. பத்தாவது மாடியில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை எப்படி இறக்குவார்கள்?

நிலா: உக்ரைனின் மைக்கோலாயிவ் நகரத்தில் 2022 ஏப்ரலில் குடிநீர்க் குழாய் உடைந்து ஒரு மாதம் போலத் தண்ணீரே இல்லை சித்தி. அப்புறம் வந்ததும் உப்புநீர். அது குழாய்களையே அரித்துவிட்டது.

சரவணன்: இதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லையா மாமா?

மாமா: இருக்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 முதலாம் கூடுதல் நெறிமுறை, 54ஆம் பிரிவு. மக்கள் உயிர்வாழத் தேவையான உணவு, பயிர், குடிநீர் அமைப்புகளைத் தாக்கக் கூடாது என்கிறது. மின்கட்டமைப்பைத் தாக்கியதற்காக 2024இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ரஷ்யத் தளபதிகள் மீது பிடியாணை போட்டது. முப்படைத் தலைமைத் தளபதி கெராசிமோவும் அதில் ஒருவர். ராணுவமும் அதே மின்சாரத்தைத்தானே பயன்படுத்துகிறது என்று நீ முதலில் கேட்டாயே, அதற்கும் நீதிமன்றத்தின் அறிக்கையில் பதில் இருக்கிறது. சில நிலையங்கள் ராணுவ இலக்கு என்றே வைத்துக்கொண்டாலும், மக்களுக்கு வரும் கேடு அளவு கடந்தது என்கிறது நீதிமன்றம்.

சரவணன்: அந்த அறிக்கையின் லிங்க் போடுங்கள் மாமா, முழுதாகப் படிக்கிறேன்.

சித்தி: இங்கேயே போடுங்கள் அண்ணா, நானும் படிக்க வேண்டும்.