ஹீரோ வருவதற்கு முன் அந்த இடத்தில் நிற்பவர் யார்?

கேள்வி: எங்கள் தெருவில் ஷூட்டிங். ஹீரோ கேரவனில் இருந்தார். அவர் உயரத்தில் ஒரு பையன் வெகுநேரம் அசையாமல் நிற்க, சுற்றி லைட்டை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அவர்தான் டூப்பா?

பதில் 1: இல்லை. டூப் திரையில் வருவார், முகம்தான் தெரியாது. நீங்கள் பார்த்தவர் 'ஸ்டாண்ட்-இன்', அதாவது லைட்டும் கேமராவும் சரிசெய்யும்வரை ஹீரோவுக்குப் பதிலாக நிற்பவர். ஷாட் தொடங்கியதும் விலகிவிடுவார்.

பதில் 2: கேமரா உதவியாளராக இருந்தவன் சொல்கிறேன். மூக்கின் நிழல் உதட்டில் விழுகிறதா, கண்ணில் வெளிச்சம் தெரிகிறதா என்றெல்லாம் ஆள் நின்றால்தான் தெரியும். ஃபோகஸைச் சரியாக வைக்கும் உதவியாளரான ஃபோகஸ் புல்லர், லென்ஸிலிருந்து முகம் வரை தூரம் அளப்பார். கால் இருக்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுவோம். உயரம் மட்டும் போதாது, தோல் நிறமும் பொருந்த வேண்டும். மாநிறமான நடிகருக்கு வெளுத்த ஆளை நிறுத்தி லைட் வைத்தால், நடிகர் வந்ததும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான். ஹாலிவுட்டில் இதற்கென்றே சம்பள ஆட்கள் உண்டு, 'செகண்ட் டீம்' என்று கூப்பிடுவார்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஒரு உதவி இயக்குநர்தான் நிற்பார். ஏற்கெனவே ஆயிரம் வேலை இருப்பவரை நிறுத்துவது எனக்குச் சரியாகவே படவில்லை. தனி ஆள் வேண்டும், தனிச் சம்பளமும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்: அப்போ நடந்து வரும் ஷாட் என்றால்?

பதில் 2: ஸ்டாண்ட்-இன்னும் ஹீரோ நடக்கும் அதே வேகத்தில் நடந்து காட்டுவார். கேமரா வைத்த டிராலியைத் தள்ளுபவருக்கு அதுதான் ஒத்திகை.