கார்ப்பஸ் கிறிஸ்டி ட்ரிப்: அப்பாவுக்கு மாடு, பையனுக்கு விண்ட்சர்ஃபிங், 3 நாள் பத்துமாங்க?

கொங்குப்பொண்ணு_கேட்டி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க ஹூஸ்டன் பக்கம் கேட்டில இருக்கோம். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, ஏப்ரல் கடைசில மூணு நாள் லீவு போட்டு தெக்கு டெக்ஸாஸ் கடற்கரைல இருக்க கார்ப்பஸ் கிறிஸ்டி போலாம்னு பிளான். பையனுக்கு 13 வயசு, அவன் ஒத்தைக்கால்ல நிக்கறது விண்ட்சர்ஃபிங் கத்துக்கணும்னு, அதாங்க பாய்மரம் கட்டின பலகைல நின்னு காத்துல தண்ணி மேல போறது. எங்கப்பாவுக்கு 68, காங்கேயம் பக்கம், பொறந்ததுல இருந்து மாட்டோடயே இருந்தவரு, இங்க வந்து ஒரு மாசமா வீட்டுக்குள்ளயே ஒக்காந்து டிவிய பாத்துட்டு இருக்காரு. டெக்ஸாஸ்னா மாடுன்னு சொன்னாங்களே ஒரு மாட்டக்கூட கண்ணுல காட்டலயேன்னு நேத்து கேட்டாரு, எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. கடலப் பாத்து நான் என்ன சாமி பண்றதுங்கறாரு.

கார்ப்பஸ்ல கௌபாய் விஷயமும் உண்டு, கடல் வெளையாட்டும் உண்டுன்னு ஆபீஸ்ல ஒருத்தங்க சொன்னாங்க. நிஜமாவே ரெண்டும் சேந்து இருக்குதா, இல்ல தொப்பி போட்டுட்டு போட்டோ எடுக்கற மாதிரி டூரிஸ்ட் எடமா? அப்பாம்மா சைவம், அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க. ஒரு நாள் அப்பாவுக்கு ஒரு நாள் பையனுக்குன்னு பிரிச்சுக்கட்டுமா?

முத்துநகரான்:

தங்கச்சி, கடல் பக்கத்த நான் சொல்றேன், மாட்டப் பத்தி தெரிஞ்சவங்க சொல்லட்டும். நான் தூத்துக்குடிக்காரன், கார்ப்பஸ்ல நாலு வருஷம் வேல பாத்தேன். அந்த ஊர்ல காத்து நின்ன நாள விரல் விட்டு எண்ணிரலாம். தென்கிழக்குல இருந்து, நம்ம ஊர் கொண்டலும் சோழகமும் கலந்தாப்ல, காலைல மெதுவா ஆரம்பிக்கும், மதியத்துக்கு மேல ஏறிரும். வசந்த காலத்துல இன்னும் ஜாஸ்தி. அதனால பையனுக்கு கிளாஸ் காலைலயே போடுங்க, மதியம் போட்டா புதுசா கத்துக்கற புள்ள பாயத் தூக்கறதுக்குள்ள கை ஓஞ்சு போயிரும்.

எடம் எதுன்னா பேட்ரே ஐலண்ட் தீவுல நேஷனல் சீஷோர்னு ஒரு தேசிய கடற்கரைப் பூங்கா, அதுக்குள்ள இருக்க பேர்ட் ஐலண்ட் பேசின். கடல் பக்கம் இல்ல, தீவுக்குப் பின்னாடி லகூனா மாட்ரேன்னு ஒரு நீளமான காயல், அந்தப் பக்கம். ஸ்பானிஷ்ல தாய்க்காயல்னு அர்த்தம். அலைய தீவு மறிச்சிரும், காத்த மறிக்காது, அதனால தண்ணி தட்டையா இருக்கும் ஆனா பாய் நல்லா புடிக்கும். ஆழமும் பெரும்பாலும் இடுப்பளவுதான், விழுந்தா எந்திரிச்சு நின்னுக்கலாம். ஆறு பெருசா எதுவும் வந்து சேராது, மழையும் கம்மி, வெயில்ல தண்ணி வத்திட்டே இருக்கதால கடல விட உப்பு அதிகம், கண்ணுல பட்டா காந்தும், குடிதண்ணி பாட்டில் ஒண்ணு மூஞ்சி கழுவவே வச்சுக்கோங்க. போர்டு பாய் எல்லாம் அங்கயே வாடகைக்கு கிடைக்கும், சொல்லியும் தருவாங்க.

மொத ஒரு மணி நேரம் விழுந்துட்டேதான் இருப்பான், பயப்படாதீங்க. காத்துக்கு முதுகக் காட்டி நின்னு, பாயில கட்டியிருக்க கயித்தப் புடிச்சு, முட்டிய லேசா மடக்கி கால் பலத்துல பாயத் தண்ணில இருந்து தூக்கணும், எல்லாரும் இடுப்ப வளைச்சு இழுத்து அடுத்த நாள் படுத்துருவாங்க. பாய் முழுசா தண்ணிய விட்டு வெளிய வந்ததும் திடீர்னு லேசாயிரும், அந்த நேரம்தான் முக்காவாசிப் பேர் பின்னால விழறது, அத மட்டும் அவன்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

காயல்ல நடக்கும்போது கால எடுத்து வைக்காம தேச்சு தேச்சு நடக்கணும், மணலுக்குள்ள திருக்கை படுத்திருக்கும், தேச்சா அதுவே வெலகிப் போயிரும், மிதிச்சாதான் முள்ளால அடிக்கும். வாட்டர் ஷூ கட்டாயம்.

கிங்ஸ்வில்_பழைய_வாசி:

அக்கா, மாடு பக்கம் நான் வரேன். கிங்ஸ்வில்ல ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டில எம்எஸ் படிச்சவன், கார்ப்பஸ்ல இருந்து தென்மேற்கா 45 மைல் கூட இருக்காது. தொப்பி போட்டு போட்டோ எடுக்கற ஊரான்னு கேட்டீங்க, இல்லவே இல்ல. கிங் ராஞ்ச் அங்கதான் இருக்கு, 8,25,000 ஏக்கர், ரோட் ஐலண்டுன்னு ஒரு மாநிலம் இருக்குல்ல அத விட பெருசு, இன்னைக்கும் மாடு வளக்கற பண்ணை. கடலும் மாடும் சேந்து இருக்கான்னு கேட்டதுக்கும் பதில் இங்கயே இருக்கு, இந்தப் பண்ணைய 1853ல ஆரம்பிச்ச ரிச்சர்ட் கிங் மாட்டுக்காரரே இல்ல, ரியோ கிராண்ட் ஆத்துல நீராவிப் படகு ஓட்டின கேப்டன். மாடு தெரிஞ்சவங்க யாருன்னா மெக்சிகோக்காரங்க. 1854ல அங்க தமாலிபாஸ் மாநிலத்துல க்ரூயாஸ்னு ஒரு கிராமம் பஞ்சத்துல தவிச்சிட்டிருந்தப்போ கிங் போய் அவங்க மாட்டெல்லாம் வாங்கிட்டாரு, அப்புறம் ஜனங்களையே வேலை தரேன் வீடு தரேன்னு குடும்பம் குடும்பமா கூட்டிட்டு வந்துட்டாரு. அவங்களுக்கு கினேன்யோஸ்னு பேரு, கிங்கோட ஆளுங்கன்னு அர்த்தம், தலைமுறை தலைமுறையா அவங்க வம்சம்தான் அங்க மாடு மேச்சது. எனக்கு இது முக்கியமா படுது, ஏன்னா கௌபாய்னா எல்லாரும் வெள்ளக்காரன நெனைக்கறோம். வாக்கான்னா ஸ்பானிஷ்ல பசு, வாக்கேரோன்னா மாட்டுக்காரன், ராஞ்ச், ரோடியோ, மாட்டப் புடிக்க வீசற சுருக்குக் கயிறு லாசோ எல்லாமே ஸ்பானிஷ்ல இருந்து வந்த வார்த்தைதான்.

அப்பாகிட்ட சொல்ல வேண்டிய விஷயம் இன்னொண்ணு. கிங் ராஞ்ச் மாட்டுக்கு சாண்டா கெர்ட்ரூடிஸ்னு பேரு, செக்கச் செவேல்னு இருக்கும். சீமையில இருந்து வந்த ஷார்ட்ஹார்ன் மாடு இந்த வெயிலையும் உண்ணியையும் தாங்கல, அதனால பிராமன் மாட்டோட கலந்தாங்க. 1920ல பொறந்த மங்கின்னு ஒரு காளைதான் அந்த இனத்துக்கே மூலம், 1940ல தனி இனம்னு அங்கீகாரம் கெடச்சுது. இந்த பிராமன் எங்க இருந்து வந்துதுன்னா நம்ம நாட்டுல இருந்துதான், கீர், காங்க்ரேஜ், ஓங்கோல், கிருஷ்ணா வேலி இதெல்லாம் சேத்து அமெரிக்கால உருவாக்கினது. அதனால உங்கப்பா அங்க பாக்கறது எட்டு பங்குல மூணு பங்கு நம்ம ரத்தம். திமில் பெருசா இருக்காது, ஆனா அலைதாடி தொங்கறதப் பாத்தாலே புடிச்சிருவாரு.

டூர் எந்த நாள் இருக்குன்னு முன்னாடியே போன் போட்டு கேட்டுக்கோங்க. ஊருக்குள்ள கிங் ராஞ்ச் மியூசியம் இருக்கு, சேணம் விக்கற கடை ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள போனா தோல் வாசனை ஆளத் தூக்கும். அவங்க மாட்டுக்குப் போடற சூடு பாம்பு நெளிஞ்ச மாதிரி டபிள்யூ, அதக் காட்டுங்க அப்பாகிட்ட.

சான்ஆன்டோனியோ_மீனா:

ஏப்ரல் கடைசின்னா பக் டேஸ் திருவிழா நேரம்பா, மே மொத வாரம் வரைக்கும் ஓடும், 1938ல இருந்து நடக்குது. கடற்கரை ரோட்டுல ராட்டினம், கொள்ளக்காரன் வேஷம், அதோட ரோடியோன்னு கௌபாய் போட்டியும் உண்டு. ரூம் இப்பவே புக் பண்ணிடு, கடைசி நேரத்துல வெல எகிறிடும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். ரோடியோல காளை மேல ஏறி 8 செகண்ட் ஒக்காரணும், ஒரு கையால மட்டும்தான் புடிக்கணும், இன்னொரு கை காளை மேல பட்டா அவுட். மார்க் நூறுக்கு, பாதி ஆளுக்கு பாதி காளைக்கு. எங்க வீட்டுல எல்லாரும் ரசிச்சுப் பாத்தாங்க, என்னால முடியல. காளையோட அடிவயித்துல ஒரு பட்டைய இறுக்கிக் கட்டறாங்க, அது ஒதைக்கறதே அத உதறத்தான்னு தெரிஞ்சப்புறம் எனக்கு ஒக்காந்து பாக்க புடிக்கல, பொண்ணக் கூட்டிட்டு வெளிய வந்துட்டேன். அம்மாவுக்கு எப்படின்னு நீயே யோசிச்சுக்கோ. பேரல் ரேசிங் மட்டும் விட்டுடாத, பொண்ணுங்க குதிரைல மூணு பீப்பாய சுத்தி வளைஞ்சு வருவாங்க, குதிரை அப்படியே தரையோட சாயும், அதுதான் எனக்கு அங்க புடிச்சது.

சாப்பாட்டுக்கு டெக்ஸ்மெக்ஸ் கடைல பீன்ஸ் டாக்கோ சைவம்னு நம்பி வாங்கிடாத. பீன்ஸ மசிச்சு வறுக்கறப்ப பன்னிக்கொழுப்பு சேக்கற கடை நெறய, அதுக்கு ஸ்பானிஷ்ல மன்டேக்கான்னு பேரு, மன்டேக்கா போட்டீங்களான்னு கேட்டாலே சொல்லிடுவாங்க. கிச்சன் இருக்க ரூமா எடுத்து ரைஸ் குக்கர் கொண்டு போயிடு, பெரியவங்களுக்கு அதுதான் நிம்மதி.

வெயிலோன்:

ஒரு எச்சரிக்கை மட்டும். ஜிபிஎஸ்ல பேட்ரே ஐலண்ட்னு அடிக்கும்போது சவுத் பேட்ரேன்னு வந்திடாம பாத்துக்கங்க. ரெண்டும் ஒரே தீவு வரிசைதான், ஆனா நடுவுல மான்ஸ்ஃபீல்ட் கால்வாய் வெட்டியிருக்கு, பாலம் கிடையாது, ரோட்டுல சுத்திப் போனா மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். அங்க போயிட்டு வடக்க திரும்பி வர்ற வழில சரிட்டா பக்கத்துல பார்டர் பேட்ரோல் செக்போஸ்ட் வேற இருக்கு, அப்பாம்மா பாஸ்போர்ட் எப்பவும் கைல வச்சிருங்க, விசிட்டர் விசால வந்தவங்கள கேக்கத்தான் செய்வாங்க.

இன்னொண்ணு, பீச்ல கார் ஓட்டலாம்னு சொல்வாங்க, உண்மைதான், டெக்ஸாஸ்ல 1959ல இருந்தே கடற்கரைக்கு பொதுஜனம் தடையில்லாம போலாம்னு சட்டம் இருக்கு, பல எடத்துல வண்டி எறங்கும். நேஷனல் சீஷோர்ல தெக்க மொத 5 மைல் வரைக்கும் சாதா வண்டி போகும், அதுக்கு மேல ஃபோர் வீல் டிரைவ் மட்டும்தான். நான் போர்டப் பாத்தும் இன்னும் கொஞ்ச தூரம்னு போய் செடான் கார் அச்சு வரைக்கும் மணல்ல எறங்கிடுச்சு, போன்ல சிக்னல் இல்ல, கைக்கொழந்தையோட ரெண்டரை மணி நேரம் வெயில்ல நின்னோம். பெரிய ட்ரக்ல வந்த ஒரு மீன்பிடிக்கற தாத்தா கயிறு கட்டி இழுத்து விட்டாரு, டயர்ல காத்த கொஞ்சம் எறக்கச் சொன்னதும் அவருதான், காசு குடுத்தேன் வாங்கல. அவர மறக்க மாட்டேன்.

நீல பலூன் மாதிரி கரைல கெடக்கும், சொறிமீன் போல இருக்கும், மேன் ஓ வார்னு பேரு, செத்துக் கெடந்தாலும் கொட்டும். கொழந்தைங்க அழகா இருக்கேன்னு எடுத்திடுவாங்க, சொல்லி வைங்க.

முத்துநகரான்:

நேரம் இருந்தா ஜூன்ல போங்கன்னு சொல்வேன், நம்ம பங்குனி ஆமைக்கு சொந்தக்காரன் கெம்ப்ஸ் ரிட்லின்னு ஒரு ஆமை இங்கதான் முட்ட போடுது, அதுவும் பட்டப்பகல்ல வந்து போடும். ஜூன் பாதிக்கு மேல குஞ்சுகள விடியக்காலைல கடல்ல விடறத பொதுமக்கள் நின்னு பாக்கலாம். ஆனா ஜூன் வெயில் உங்க அப்பாம்மாவுக்கு ஆகாதுதான், நீங்க ஏப்ரல்லயே போங்க. மஸ்டாங் ஐலண்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க, ஸ்பானியர் காலத்து குதிரைங்க காடா திரிஞ்சதால வந்த பேரு அது. போர்ட் அரான்சஸ்ல கார் ஏத்தற ஃபெர்ரி இலவசம், டால்ஃபின் கூடவே வரும். லெக்சிங்டன்னு பழைய விமானந்தாங்கிப் போர்க்கப்பல், அக்வேரியம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான், அரை நாள்ல முடிஞ்சிரும்.

கொங்குப்பொண்ணு_கேட்டி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, போயிட்டு வந்துட்டோம், சொல்லாம இருக்க மனசு வல்ல.

பிரிச்சுக்கலாமான்னு கேட்டேன்ல, கடைசில பிரிக்காம எல்லாரும் எல்லாத்துக்கும் போனோம். பேர்ட் ஐலண்ட்ல பையன் மொத நாள் நாப்பது தடவயாவது விழுந்திருப்பான், அண்ணா சொன்ன மாதிரியே பாய் மேல வந்ததும் பின்னால பொத்துனு. அப்பா கரைல சேர் போட்டு ஒக்காந்து பாத்துட்டே இருந்தவரு கொஞ்ச நேரத்துல வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு முட்டித் தண்ணில எறங்கிட்டாரு, டேய் கயித்த வெட்டி இழுக்காத, மாட்டக் கொண்டு வர்ற மாதிரி வெறப்பு விடாம கொஞ்சங் கொஞ்சமா கொண்டான்னு கத்தறாரு. அதுக்கப்புறம் ரெண்டு தடவ அவன் நின்னு ஒரு அம்பது அடி போயிட்டான். அம்மா திருக்கைக்கு பயந்து எறங்கவே இல்லீங்க.

ரோடியோ போனோம். மீனாக்கா சொன்னத நான் முன்னாடியே வீட்டுல சொல்லிட்டேன், காளை முடியற வரைக்கும் அம்மாவும் நானும் வெளிய ஒக்காந்துட்டோம். அப்பா பாத்துட்டு வந்து, திமில் இருக்கற காளைங்கதான் நல்லா சுத்துது, ஆனா அந்தப் பட்டை வேண்டாம் கண்ணு, அது இல்லாமயே அந்தக் காளை யாரையும் ஒக்கார உடாதுன்னாரு. வேற ஒண்ணும் பேசல.

கிங்ஸ்வில்ல செவல மாடுகளப் பாத்துட்டு ரொம்ப நேரம் வேலியோரமா நின்னாரு. திரும்பி வர்றப்ப ரோட்டோரம் வண்டிய நிறுத்தச் சொன்னாரு. என்ன உடம்புக்கான்னு பதறிட்டேன். எறங்கிப் போயி ஒரு புல்லுக் கதிரப் புடுங்கி உள்ளங்கைல தேச்சுப் பாத்துட்டு, ஏம்மிணி இது நம்ம கொழுக்கட்டைப் புல்லாச்சே, நம்ம மேய்ச்சக்காடு, கொறங்காட்டுல இருக்கறது இங்க எப்பிடி வந்துதுன்னாரு. போன்ல தேடிப் பாத்தா நெசம்தானுங்க, பஃபெல் கிராஸ்னு சொல்றாங்க, மாட்டுக்குன்னே தெக்கு டெக்ஸாஸ் பூரா வெதச்சிருக்காங்க. பின்னாடி நின்ன முள்ளு மரமும் நம்ம சீமக்கருவேலத்துக்கு சொந்தந்தான். கேட்டி வர்ற வரைக்கும் அந்தக் கதிர் அவரு சட்டப் பையிலதான் இருந்துது, வழி பூரா பையனுக்கு கொறங்காட்டுக் கதை, கெடாரி வாங்கினது, கிளுவை வேலி போட்டது, எல்லாம். பையன் போன எடுக்கவே இல்லீங்க.