விசிறிப்பனை ரெண்டும் மஞ்சளாகுது, என்ன உரம் போடலாம்? (அவசரம்)

கவின்_அம்மா
வணக்கம். நர்சரியில விசிறிப்பனை ரெண்டு வாங்கினோம். ஒண்ணு ஹால்ல, ஒண்ணு வாசல்ல. ரெண்டுமே மஞ்சளாகி ஓலை காயுது. என்ன உரம் போடணும்? தண்ணி சரியாத்தான் ஊத்துறேன். சனிக்கிழமை கடைக்குப் போறதுக்குள்ள சொல்லுங்க ப்ளீஸ்.

எப்சம்_ராஜா
மெக்னீசியம் குறைபாடு. எப்சம் உப்பு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், மாசம் ரெண்டு தடவை ஊத்துங்க. பனை எந்த வகையா இருந்தாலும் இதுதான் மருந்து.

டர்பன்_தோட்டம்
எந்த ஊர் அக்கா? மஞ்சள் அடியில இருக்கிற பழைய ஓலையிலயா, நடுக் குருத்துலயா? தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்கா? எவ்வளவு நாளா இப்படி? இங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன் மாதிரி குளிர் கம்மியான கடற்கரை ஊர்னா வாசல்ல இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, அதான் கேக்கிறேன்.

வடலி
இந்தக் குழுவில் கேள்வி கேட்கும் முறை பற்றி மேலே பின் செய்த பதிவு ஒன்று இருக்கிறது. யாரும் படிப்பதில்லை.
விசிறிப்பனை என்ற பெயரில் இங்கே நர்சரிகள் நாலு வகையாவது விற்கின்றன. மட்டையைப் பாருங்கள். முள்ளே இல்லாமல், மூங்கில் போல மெல்லிய தண்டுகள் கூட்டமாக இருந்தால் ரேபிஸ். ஓலை இடுக்கில் வெள்ளை நூல் தொங்கினால் வாஷிங்டோனியா. ஓலை சிறியதாக விறைத்து, தூரிலிருந்து பக்கக் கன்று வந்தால் கேமிராப்ஸ். மட்டையின் கீழ்ப்பாதியில் வளைந்த முள், ஓலை நுனி பிளந்து தொங்கினால் லிவிஸ்டோனா. நாலுக்கும் குளிர் தாங்கும் அளவு வேறு. அதைச் சொல்லாமல் உரம் கேட்பது வீண்.

கவின்_அம்மா
ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்). முள் இருக்கு, நுனி தொங்குது. ரெண்டும் ஒரே செடிதான். மே மாசம் வாங்கினது. படம் ஏற மாட்டேங்குது.

டர்பன்_தோட்டம்
ஜோபர்க்கா! அதை முதல்லயே சொல்ல வேண்டாமா அக்கா. மே மாசம் வெளியில நட்டு, இங்க குளிர்காலமான ஜூன் ஜூலை உறைபனியை முழுக்க வாங்கியிருக்கு. கடற்கரை நர்சரியில வளர்ந்த கன்னா இருந்தா இன்னும் மோசம்.

சென்னை_மாடித்தோட்டம்
ஹால் செடியைத் தெற்கு ஜன்னல் பக்கம் வைங்க, நல்ல வெளிச்சம் கிடைக்கும். பஞ்சகவ்யம் 3 சதவீதம் தெளிங்க.

பிரிட்டோரியா_மணி
சார், பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் சூரியன் வடக்கால போகும். இங்க வெயில் வர்ற ஜன்னல் வடக்கு. தெற்கு ஜன்னல்ல வச்சா குளிர்காலம் பூரா நிழல்தான். வடக்கு ஜன்னல்லயிருந்து ஒரு மீட்டர் உள்ள தள்ளி வைங்க. கண்ணாடியை ஓலை தொடக் கூடாது. ராத்திரி கண்ணாடி ஜில்லுன்னு ஆயிடும், தொட்ட இடம் கருகும்.

எப்சம்_ராஜா
ஜன்னல் எதுவா இருந்தா என்ன, மஞ்சள்னா மெக்னீசியம். லேப்ல மண் பரிசோதனை பண்ணிப் பாருங்க.

வடலி
ராஜா, மெக்னீசியம் குறைந்தால் பழைய ஓலையின் ஓரம் அகலமாக எலுமிச்சை மஞ்சளாகும், நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். பொட்டாசியம் குறைந்தாலும் பழைய ஓலையில்தான் தெரியும், ஆனால் ஆரஞ்சுப் புள்ளிகள் வரும், பிறகு நுனி கருகும். புது ஓலை சுருங்கிக் கருகி வந்தால் மாங்கனீஸ். புது ஓலை வெளிறினால் இரும்பு. இரும்பு மண்ணில் இருந்தும் வேர் மூச்சு முட்டினால் எடுக்காது, ஆழமாக நட்டாலும் எடுக்காது. மூன்று மாதத்தில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு செடிக்கும் ஒரே சத்து குறைந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

டர்பன்_தோட்டம்
வடலி அண்ணா சொல்றது சரி, சொல்ற விதம்தான்... சரி விடுங்க. அக்கா, ரெண்டையும் தனித்தனியா பாருங்க.
ஹால் செடி: ஒரு வெள்ளைத் தாளை ஓலைக்கு அடியில பிடிச்சு ரெண்டு தட்டு தட்டுங்க. ஊசிமுனை அளவு புள்ளி நகர்ந்தா சிலந்திப்பேன். விரலால நசுக்கினா செந்நிறக் கோடு விழும். ஓலையில மஞ்சள் திட்டுத்திட்டா இல்லாம, மாவு தூவின மாதிரி பொடிப்பொடியா இருக்கும். ஹால்ல ஹீட்டர் ஓடுதா?
வாசல் செடி: நடுக் குருத்தை ரெண்டு விரலால பிடிச்சு மெதுவா இழுங்க. உறுதியா நிக்குதா, வழுக்கிட்டு வருதா?

பிரிட்டோரியா_மணி
வாசல்ல எங்க நட்டிருக்கீங்க? புல்வெளி நடுவிலயா, சுவர் ஓரமா? ஸ்பிரிங்ளர் மேல படுதா?

கவின்_அம்மா
புல் நடுவுல. ஸ்பிரிங்ளர் காலைல 5 மணிக்கு ஓடும், எல்லா செடிக்கும் படும். கேஸ் ஹீட்டர் சாயங்காலம் ஓடும். தாளுல புள்ளி ஓடுது!! குருத்தை இழுக்கப் பயமா இருக்கு.

பிரிட்டோரியா_மணி
காலைல 5 மணிக்கு ஸ்பிரிங்ளர், அது போதும் கெடுக்க. ஆகஸ்ட்ல விடியறதுக்கு முன்னாடிதான் இங்க குளிர் உச்சம். அந்த நேரத்துல குருத்துக்குள்ள தண்ணி தேங்கினா உறைஞ்சு திசு கிழியும், அப்புறம் அழுகும். நீங்க சொன்ன அடையாளப்படி இது லிவிஸ்டோனா, இந்த வகையில வளர்ந்த மரம் மைனஸ் 4 வரை சமாளிச்சிடும், கன்னு சமாளிக்காது. முதல்ல ஸ்பிரிங்ளரை அந்தப் பக்கம் அடைச்சுடுங்க. விடியற்காலைல இல்லாம, தூர்ல மட்டும், வாரம் ஒரு தடவை தண்ணி விட்டாப் போதும். செப்டம்பர் 1 வந்துட்டா ஜோஹன்னஸ்பர்க்ல மார்ச் கடைசி வரை காலை 6லிருந்து மாலை 6 வரை தோட்டத்துக்குத் தண்ணி விடக் கூடாது, அப்ப மாலையில ஊத்துங்க. குருத்து நனையாம.

வடலி
பயப்படாமல் இழுங்கள். அழுகியிருந்தால் அது ஏற்கெனவே அறுந்துவிட்டது, நீங்கள் இழுத்ததால் அறுவதில்லை. கையோடு வந்தால் அடி நுனியை முகர்ந்து பாருங்கள். கொழகொழவென்று நாற்றம் அடித்தால் குருத்தழுகல். ஓட்டைக்குள் இருக்கும் கூழை வழித்து எடுத்துவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுங்கள். நுரைக்கும். நுரை அடங்கும் வரை திரும்ப ஊற்றி, தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். மறுநாள் காப்பர் ஆக்சிகுளோரைடு (செம்புப் பூஞ்சைக்கொல்லி), பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கரைத்து ஒரே ஒரு முறை. திரும்பத் திரும்ப ஊற்றினால் செம்பே செடியைச் சுடும். அக்டோபரில் மழை பிடிக்கும்போது குருத்துக்கு மேல் ஒரு மூடி வேண்டும்.
கருகிய ஓலையை இப்போது வெட்ட வேண்டாம். பாதி பச்சை இருந்தாலும் செடி அதிலிருந்துதான் உறிஞ்சிக்கொள்கிறது. அடுத்த குளிரில் அந்தக் காய்ந்த ஓலையே குருத்துக்குப் போர்வை.

டர்பன்_தோட்டம்
ஹால் செடிக்கு: குளியலறையில ஷவருக்கு அடியில வச்சு, ஓலை அடிப்பக்கத்தை நல்லா கழுவுங்க. மேல்பக்கம் கழுவிப் பிரயோஜனம் இல்ல, பேன் குடியிருக்கிறது அடியில. அப்புறம் லிட்டர் தண்ணிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, திரவ சோப்பு 2 மில்லி. முதல்ல ஒரு ஓலையில மட்டும் அடிச்சு ரெண்டு நாள் பாருங்க, கறுக்கலைன்னா மத்ததுக்கும். அஞ்சு நாளைக்கு ஒருக்கா மூணு தடவை. முட்டை மருந்துல முழுசா சாகாது, பொரிஞ்சதும் அடிக்கணும், அதான் கணக்கு. ஹீட்டரை விட்டு ரெண்டு மீட்டராவது தள்ளி வைங்க. மேல்மண் ரெண்டு விரல்கடை காய்ஞ்ச பிறகு தண்ணி, தட்டுல தேங்கினதைக் கொட்டிடுங்க.

எப்சம்_ராஜா
அப்போ உரமே வேண்டாம்னு சொல்றீங்களா? 2:3:2 உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் விகிதம்) கூடவா?

வடலி
இப்போது வேண்டாம். மண் 18 டிகிரியாவது வராமல் பனை வேர் பெரிதாக வேலை செய்யாது, போட்டது உப்பாகத் தேங்கும். செப்டம்பர் கடைசியில் 3:1:5, மெதுவாகக் கரையும் வகை. பையில் 3:1:5 (26) என்றிருந்தால் மொத்தச் சத்து 26 சதவீதம், அதில் ஒன்பதில் ஐந்து பங்கு, அதாவது 14 சதவீதம் பொட்டாசியம். 2:3:2 (22) வாங்கினால் 9 சதவீதம் பாஸ்பரஸ், 6 சதவீதம்தான் பொட்டாசியம். பனைக்குத் தலைகீழ். 30 செ.மீ. தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி, தூரை ஒட்டாமல் ஓரமாக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மார்ச்சோடு நிறுத்த வேண்டும்.

மண்வெட்டி
இதுக்கெல்லாம் பேசாம நம்ம ஊர் பனங்கொட்டை நாலு கொண்டுவந்து புதைச்சா, தண்ணியும் கேக்காது மருந்தும் கேக்காது.

பிரிட்டோரியா_மணி
இறக்குமதி அனுமதி இல்லாம விதை கொண்டுவந்தா ஏர்போர்ட்லயே பிடுங்கிடுவாங்க. கொண்டுவந்தாலும் ஜோபர்க் உறைபனியில பனங்கன்னு நிக்காது. இங்கேயே வடக்க லிம்போபோ மாகாணத்துல ஆப்பிரிக்கப் பனை இருக்கு, லேஸ்டார்ப் பக்கம். அங்க குளிர் கம்மி.

டர்பன்_தோட்டம்
எங்க குவாசுலு-நடால் மாகாணத்துல, கோசி பே பக்கம் லாலா பனை காடுகாடா இருக்கு. கள்ளும் இறக்குறாங்க. பனைதானே அதுவும்.

மண்வெட்டி
லாலா எப்படி பனையாகும்? அதுல நுங்கு உண்டா? கள்ளுன்னா பாளை சீவி இறக்கணும்.

டர்பன்_தோட்டம்
அங்க பாளையைச் சீவறதில்ல. தண்டோட நுனிக் குருத்தையே வெட்டி, தினம் மெல்லிசா சீவி விடுவாங்க. அந்தத் தண்டு செத்துடும். லாலா தூர்லயிருந்து பல தண்டு விடும், அதனால தோப்பு அழியறதில்ல. நம்ம பனையில அப்படி வெட்டினா மரமே போச்சு.

மண்வெட்டி
அப்போ அது கள்ளே இல்ல.

வடலி
தலைப்பு லிவிஸ்டோனா. கள்ளுக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். அம்மா, குருத்தை இழுத்தீர்களா இல்லையா?

கவின்_அம்மா
கையோட வந்துடுச்சு. நாத்தம். நீங்க சொன்ன மாதிரி ஊத்தினேன், மூணாவது தடவைதான் நுரை நின்னுச்சு. இனி பிழைக்குமா?

வடலி
லிவிஸ்டோனாவுக்கு வளரும் முனை ஒன்றுதான், பக்கக் கன்று விடாது. முனை அழுகியிருந்தால் அவ்வளவுதான். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நடுவில் எஞ்சியிருக்கும் இளம் மட்டையையும் அதை ஒட்டிய பழைய மட்டையையும் சேர்த்து, குறுக்கே மார்க்கரால் நேர்கோடு போடுங்கள். வெயில் ஏறியதும் இளம் மட்டையில் இருக்கும் கோட்டுத்துண்டு மேலே நகர்ந்தால் உயிர் இருக்கிறது. முதலில் வரும் ஓலை கத்தரியால் வெட்டியது போல மொட்டையாக வரும், அதைப் பார்த்துப் பிடுங்கிவிடாதீர்கள். ஜனவரி வரை அசைவே இல்லையென்றால் தோண்டிவிட்டு கேமிராப்ஸ் வையுங்கள். நட்டு வேர் பிடித்துவிட்டால் மைனஸ் 10 தாங்கும். அதையும் அக்டோபரில் நடுங்கள், மே மாதத்தில் அல்ல.

பிரிட்டோரியா_மணி
பிழைச்சா அடுத்த ஜூன்ல ஓலையைத் தளர்வா மேல தூக்கிக் கட்டி ஃப்ராஸ்ட் துணி சுத்துங்க. பிளாஸ்டிக் வேண்டாம், ஓலையைத் தொடற இடமெல்லாம் கருகும்.

கவின்_அம்மா
சாரி, லேட். செப்டம்பர் கடைசி ஆயிடுச்சு. கோடு 4 மி.மீ. நகர்ந்திருக்கு. ஹால் செடியில பேன் இன்னும் போகல, மூணாவது தடவை அடிக்க மறந்துட்டேன்.

டர்பன்_தோட்டம்
அப்போ முதல்லயிருந்து மூணு தடவை அக்கா. பக்கத்துல வேற செடி இருந்தா அதையும் தட்டிப் பாருங்க.