ராணிப்பேட்டை குரோமியம்: மாடலில் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்

வணக்கம். ராணிப்பேட்டையில் தோல் ஆலைகள், குரோமியக் கழிவுக் குவியல் பக்கமாக 64 கிணறு, போர்வெல்களில் தண்ணீர் எடுத்திருக்கிறேன். பிஎச் (அமில-காரத் தன்மை), டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), ஆழம், குவியலிலிருந்து தூரம் இவற்றை வைத்து, குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டுமா என்று ரேண்டம் ஃபாரஸ்டில் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் இயந்திரக் கற்றல் முறை) கணிக்கிறேன். கிணறுகளைக் கலந்துபோட்டுச் சோதித்தால் அருமையாக வருகிறது. ஒரு ஊரையே ஒதுக்கிவைத்தால் ஊற்றிக்கொள்கிறது. பக்கத்துக் கிணற்றைப் பார்த்து மனப்பாடம் செய்கிறதோ?

அப்புறம், 23 மாதிரிகளில் குரோமியம் கருவிக்கே எட்டவில்லை. பூஜ்யம் போட மனசு வரவில்லை. கருவி கண்டறியும் குறைந்தபட்ச அளவில் பாதியைப் போடலாமா, வேறு வழி உண்டா?

ஒரு வீட்டில் தண்ணீர் குடத்திலேயே மஞ்சளாகத் தெரிந்தது. "குடிக்கலாமா தம்பி?" என்றார் அந்த அம்மா. அதற்கு மாடல் தேவைப்படவில்லை. பக்கத்துத் தெருவில் தெளிவாக இருக்கிற தண்ணீருக்குத்தான் தேவை. இதைச் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.