அம்மா கட்டுப் போட்ட கை: தெரிந்த ஒருவர் பெரிய குற்றத்தில் பிடிபட்ட அனுபவம் உங்களுக்கு இருக்கிறதா?

கிணற்றடி, உப்புவெளி

இங்கே திருகோணமலையில், 2009 இல் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும், மாரி காலம். எங்கள் பின்வளவில் வாடகைக்கு இருந்த மேசன் அண்ணை, தனியாக இருந்த ஒரு அம்மாவைக் கொன்று நகை எடுத்த வழக்கில் பிடிபட்டார். அப்போது இங்கே இருந்தவர்களுக்கு இவ்வளவு சொன்னாலே விளங்கும். பெயர் வேண்டாம், இரண்டு குடும்பமும் இன்னும் இந்தப் பக்கம்தான்.

அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது, அதுதான் என் பிரச்சினை. எங்கள் கிணற்றடிக்குச் சீமெந்து போட்டவர் அவர். கூலி வாங்கவில்லை, வாடகையில் கழிக்கச் சொன்னதற்கும் சம்மதிக்கவில்லை. ஈரம் காயுமுன் ஒரு மூலையில் கரண்டி நுனியால் என் பெயரை எழுதினார். இடையில் வரவேண்டிய "ற"வுக்குப் பதிலாக "ர" போட்டுவிட்டார், நான் சொன்னதும் சிரித்துக்கொண்டு அழிக்கப் போனார், அதற்குள் இறுகிவிட்டது.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். மழை, கரண்ட் இல்லை, எட்டு மணி இருக்கும். குசினிக் கதவில் தட்டிக் கேட்டது. வலது கையைச் சாரத்துண்டால் சுற்றிப் பிடித்தபடி நின்றார். "தகரம் வெட்டிப்போட்டுது அக்கா" என்றார். அம்மா சுடுதண்ணி வைத்து, டெட்டோல் ஊற்றி, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்தார். டோர்ச் பிடித்தது நான், பதின்மூன்று வயது. பெருவிரலுக்குக் கீழே இருக்கும் சதையில், மேலே வளைவாக ஒரு வரிசை, கீழே வளைவாக இன்னொரு வரிசை. தகரம் வெட்டினால் ஒரு கோடுதான் இருக்கும். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டி முடித்து இடியப்பமும் சொதியும் கொடுத்தார். அவர் இடக்கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார், கடைசி இடியப்பத்தை என் பக்கம் தள்ளி வைத்தார், நான் சாப்பிட்டேன்.

அந்தப் பற்கள் யாருடையவை என்பது அடுத்த நாள் பகல் ஊருக்கே தெரிந்தது. நான் சாப்பிட்ட அந்த இடியப்பம் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

கிண்ணியா நானா

தம்பி, உங்களுடையதை வாசித்துவிட்டு இரவு முழுக்கத் தூக்கம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26. எங்கள் ஆஸ்பத்திரியையே கடல் அடித்த நாள், மற்ற வீடுகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. என் தம்பிக்கு நாலு வயது, உம்மாவின் கையிலிருந்து தண்ணி பறித்துவிட்டது. அவனை எட்டிப் பிடித்தவன் என்னோடு படித்தவன். ஒரு கையால் தென்னையைக் கட்டிப்பிடித்து, தம்பியைக் கழுத்தில் ஏற்றி, தண்ணி வடியும்வரை அப்படியே நின்றான். அவன் நெஞ்சுத் தோல் முழுக்க மரத்தில் உரிந்து போயிருந்தது. உம்மா அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகையிலும் அவனுக்கு துஆ கேட்டார், மௌத்தாகும்வரை.

2009 இல் பாலம் திறக்கும்வரை நாங்கள் பாதைப் படகில் ஏறித்தானே அக்கரை போனோம். பாலம் வந்ததும் ஓட்டோ எடுத்தான், பிறகு வான், பிறகு கல்வீடு. நோன்புக்குக் கஞ்சி கொடுப்பான், பள்ளிக்குக் கொடுப்பான். எங்கிருந்து காசு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்க விருப்பமில்லை. ஐஸ் போதைப்பொருளோடு பிடித்தார்கள். ஐந்து கிராமுக்கு மேல் என்றால் ஆயுள் அல்லது மரண தண்டனை என்று 2022 இல் சட்டத்தைத் திருத்தினார்களே, அதற்குப் பிறகு. அவனிடம் இருந்தது அதைவிட எவ்வளவோ கூட.

நான் காணி வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். விறாந்தையில் இன்னொருவனோடு சேர்த்து விலங்கு போட்டு உட்கார்த்தி வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான், மற்றவனின் கை இழுத்தது, திரும்ப உட்கார்ந்தான். "தம்பி எப்படி இருக்கான்?" என்றான்.

தம்பி அப்போது புனர்வாழ்வில் இருந்தான். ஐஸ்தான். யாரிடம் வாங்கினான் என்று அவனே வாயால் சொல்லியிருக்கிறான், இவன் ஆட்களிடம். தன் கழுத்தில் ஏற்றிய பிள்ளைக்குத்தான் தன் சாமான் போகிறது என்று இவனுக்குத் தெரியுமா தெரியாதா, அதை நான் கேட்டிருக்க வேண்டும்.

"நல்லா இருக்கான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று நாலு வார்த்தையில் எனக்கு யாராவது சொன்னால் போதும்.

அனுராதபுரச் சந்தி மூத்தவர்

என் கடையில் ஒன்றரை வருடம் கணக்கு எழுதிய பெடியன், வேறு மாவட்டத்தில் துவக்கு முனையில் கொள்ளையடித்த வழக்கில் தேடப்பட்டவன். பொலிஸ் வந்தபோது எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். கோப்பையைச் சிந்தாமல் மேசையில் வைத்துவிட்டுத்தான் கையை நீட்டினான். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் உங்கள் இருவரின் கதையிலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உப்புவெளித் தம்பி, கோபிக்க வேண்டாம், உங்கள் அம்மா அந்த இரவே பொலிஸுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கொலை மாதிரி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தால் அறிவிக்க வேண்டியது சாதாரண ஆளுக்கும் கடமை, 1979 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. பயம் என்பீர்கள். சாட்சிகளைப் பாதுகாக்க 2015 இல் ஒரு சட்டம் வந்தது, 2023 இல் அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று கொண்டுவந்தார்கள், சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம். இதெல்லாம் நம் சனத்துக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று, வாடகைக்கு ஆள் வைக்கும்போது அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் கொப்பி எடுத்து வையுங்கள். முந்திய ஊரின் கிராம சேவகரிடம் வதிவிடக் கடிதம் கேளுங்கள், கடிதம் தர ஒருவர் இழுத்தடித்தால் அங்கேயே உங்களுக்கு விளங்கிவிடும். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தால் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும், சிங்களத்தில் எழுதியிருந்தால் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள், இலக்கம் இல்லாமல் பிறகு எங்கே போய் என்ன கேட்பீர்கள்? பிடிபட்டவனின் படத்தை முகநூலில் போட்டு அவன் பெண்சாதி பிள்ளைகளைத் தெருவில் நடக்கவிடாமல் செய்யாதீர்கள். கிண்ணியாத் தம்பி, உங்கள் தம்பி சொன்னதை நீங்களும் முறையாகச் சொல்லுங்கள். நான் நாற்பது வருடம் வியாபாரம் செய்தவன், ஆளின் கண்ணைப் பார்த்தாலே ஓரளவு தெரியும், பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டும்.

மடத்தடிப் பெண்

ஐயா, கண்ணைப் பார்த்தால் தெரியும் என்றால் ஒன்றரை வருடம் உங்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பெடியனை எப்படி வைத்திருந்தீர்கள்? உங்களை நோகடிக்கக் கேட்கவில்லை. ஆனால் மழை இரவில், கரண்ட் இல்லாமல், பக்கத்தில் ஒரு பிள்ளையோடு ஒரு பெண் நிற்கிறார், முன்னால் நிற்கிறவன் கையில் பல் தடம். அந்த நிமிடத்தில் "இது தகரம் இல்லையே" என்று அவர் வாயைத் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்த அம்மா செய்ததுதான் சரி. இடியப்பம் கொடுத்தது இரக்கத்தால் மட்டும் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

என்னுடையது கப்பல் கதை. 2012, ஊரில் பாதிப் பெடியன்கள் அவுஸ்திரேலியா, கொக்கோஸ் தீவு என்று கனவு கண்ட வருடம். எங்கள் ஒழுங்கையில் ஒருவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், "எனக்கு ஆளைத் தெரியும்" என்று அண்ணாவுக்கு ஒழுங்கு செய்தார். அம்மா தாலிக்கொடியையும் காணி உறுதியையும் ஈடு வைத்தார். காசை எங்கள் சாமியறையில் வைத்து எண்ணினார்கள், மாமாதான் எண்ணினார், விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு. எண்ணி முடியும்வரை வீட்டில் யாரும் கதைக்கவில்லை. பிறகு அதே விரலால் திருநீறு எடுத்து அண்ணாவின் நெற்றியில் பூசி, "பத்திரகாளி காப்பாத்துவா, போட்டு வா ராசா" என்றார்.

எஞ்சின் பழுதாகி ஒன்பது நாள் கடலில் மிதந்திருக்கிறார்கள். கடைசி இரண்டு நாள் தண்ணி இல்லை. நேவி இழுத்து வந்தது, கோர்ட், விளக்கமறியல். அண்ணா உள்ளே இருந்த ஒவ்வொரு கிழமையும் மாமா எங்களுக்குச் சோற்றுப்பார்சல் கட்டித் தந்தார், அம்மாவோடு உட்கார்ந்து அழுதார். நாங்கள் அவரைத் தெய்வம் என்றோம். ஆளைத் தெரிந்தவர் இல்லை அவர், ஆளே அவர்தான். பழைய றோலர் படகை விலைக்கு வாங்கி, அது தாங்காது என்று ஓட்டி சொல்லியும் சனத்தை ஏற்றியவர். இன்னொரு படகும் அனுப்பியிருக்கிறார், அதில் போனவர்களைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அந்த நாக்கில் தொட்ட விரல், அதுதான் எனக்கு. வங்கியில் யாராவது அப்படிக் காசு எண்ணினால் நான் வரிசையை விட்டு வெளியே போய்விடுவேன்.

கொட்பே கரை

தங்கச்சி, உங்கள் வேதனை விளங்குகிறது. ஆனால் கடலில் தொழில் செய்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. சனம் காலில் விழுந்து கேட்டது, என் கண்ணால் பார்த்தேன். என் மச்சான் ஓட்டியாகப் போனவன், தான் குடும்பத்தோடு அங்கே இறங்கிவிடலாம் என்று நம்பிப் போனவன், மறியலில் இருந்துவிட்டு வந்தான். அவனைக் குற்றவாளி என்று எழுதினால் எனக்கு நெஞ்சு கொதிக்கும். பெரிய ஆட்கள் வெளியேதான் இருந்தார்கள்.

மடத்தடிப் பெண்

அண்ணை, உங்கள் மச்சான் அதே படகில் ஏறியவர். மாமா ஏறவில்லை. எனக்கு வித்தியாசம் அதில்தான்.

கொட்பே கரை

அது சரி. அதை நான் மறுக்கவில்லை.

வாசலில் அப்பா

பல நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன், சுருக்கமாக. எங்களுக்கு ரியூசன் தந்த சேர். மிக நன்றாகப் படிப்பிப்பார், நான் கணிதத்தில் ஏ எடுத்தது அவரால். பிள்ளைகளுக்குச் செய்ததற்காகப் பிறகு பிடிபட்டார். எங்கள் வகுப்பு நடக்கும்போது கதவு எப்போதும் திறந்தே இருக்கும், காற்று வரட்டும் என்பார். என் அப்பா வேலை முடிந்து நேரே வந்து வாசலில் சைக்கிளோடு நிற்பார், வகுப்பு முடியும்வரை. ஐந்து மணி வகுப்புக்குக் கதவு மூடியிருந்தது என்று நான் பெரியவளான பிறகுதான் கேள்விப்பட்டேன். ஐந்து மணி வகுப்பில் என் சிநேகிதி இருந்தாள். "உனக்கென்ன, உன்ர அப்பா வாறார்" என்று அவள் ஒருநாள் சொன்னது நினைவிருக்கிறது. பொறாமை என்று நினைத்தேன்.

பிள்ளை யாராவது இப்படி அரைகுறையாக ஏதாவது சொன்னால் திரும்பக் கேளுங்கள். சிறுவர் உதவி இலக்கம் 1929 க்கு எடுங்கள், பெயர் சொல்லாமலும் சொல்லலாம்.

அனுராதபுரச் சந்தி மூத்தவர்

மகள், வாசித்தேன். முன்பு நான் எழுதியதில் கண்ணைப் பற்றிச் சொன்னதை விட்டுவிடுங்கள்.

ஆனாலும் என் அபிப்பிராயம் ஒன்று. இவர்கள் செய்த நல்லதெல்லாம் நடிப்பு. அந்தக் கோப்பையைச் சிந்தாமல் வைத்தானே, அதுவும் நடிப்புத்தான்.

கிண்ணியா நானா

இல்லை ஐயா. சுனாமித் தண்ணிக்குள் யாரும் நடிக்க முடியாது. அவன் நெஞ்சுத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். நடிப்பு என்றால் எனக்கு எவ்வளவோ லேசு, அவனை வெறுத்துவிட்டுப் போய்விடுவேன்.

தம்பி இப்போது வெளியே வந்துவிட்டான், வேலைக்குப் போகிறான், அல்ஹம்துலில்லாஹ். அவன் ஒருநாள் கேட்டான், "நானா, அவனைப் போய்ப் பார்த்துட்டு வரட்டா?" நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கிணற்றடி, உப்புவெளி

எல்லோருக்கும் நன்றி. மூத்தவர் ஐயாவுக்குப் பதில் சொல்ல வேண்டும், அம்மாவைப் பற்றி என்பதால்.

அம்மா அந்த இரவு படுக்கவில்லை. குசினிக் கதவுக்குப் பலகையை முட்டுக் கொடுத்துவிட்டு, தேங்காய் உரிக்கும் அலவாங்கை மடியில் வைத்துக்கொண்டு என் பாயருகே இருந்தார். விடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு, பால் வாங்கப் போகிறோம் என்று அவர் காதில் விழச் சத்தமாகச் சொல்லிவிட்டு, நேரே பொலிஸுக்குப் போனார். எந்தக் குற்றம், யாருக்கு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. "என்ர வீட்டில இருக்கிற ஆளின்ர கையில மனிசப் பல்லுத் தடம் இருக்கு" என்றுதான் அம்மா சொன்னார். செத்த அம்மாவை அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள் போல, எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டு உள்ளே ஓடினார். பிறகு அம்மா வழக்கிலும் சாட்சி சொன்னார், கட்டுத் துணியை அடையாளம் காட்டினார். மரண தண்டனை விதித்தார்கள். நம் நாட்டில் 1976 க்குப் பிறகு யாரையும் தூக்கில் போட்டதில்லை, ஆகவே அவர் உள்ளேதான் இருக்கிறார்.

மடத்தடி அக்கா சொன்னதும் சரிதான். இடியப்பம் எதற்காக என்று நான் அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "பசியோட அனுப்பினா திரும்ப வருவான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பசிச்சமாதிரியும் இருந்துது" என்றார்.

போன வருடம் கிணற்றடி வெடித்துவிட்டது, புதிதாகப் போட ஆள் பிடித்தோம். வந்தவர் எல்லாவற்றையும் கொத்தி எடுக்க வேண்டும் என்றார். அம்மா நாற்காலியைப் போட்டு வெயிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூலைக்கு வந்ததும், "அதை விடுங்கோ, அதில பிள்ளையின்ர பேர் இருக்கு" என்றார். மேசன் குனிந்து வாசித்துவிட்டு, எழுத்துப் பிழையாக இருக்கிறதே அம்மா, நான் திருத்தி எழுதித் தரட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொன்னது நான்தான்.